சத்தம் வராத தொட்டி

மகள் வீட்டுக்குக் குடிபோகக் கண்ணாடிக்காரர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"நான் வரணும்னா மீனும் வரும்."

மூக்குக்கண்ணாடிக் கடை நடத்தி ஓய்ந்தவர் என்பதால் அந்தப் பெயர். கடையை மூடிய பிறகும் பெயர் போகவில்லை. வீட்டில் எந்நேரமும் மீன் தொட்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றதால், புதிதாகக் குடிவந்தவர்களும் அதே பெயரைத்தான் சொன்னார்கள். மனைவி இறந்த பிறகு தனியாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவர், ஒரு நாள் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு தப்பியது, தனிக்குடித்தனம் தப்பவில்லை. "இனிமே உங்களை இங்க விட்டுட்டு என்னால நிம்மதியா இருக்க முடியாது" என்று மகள் ஒற்றைக்காலில் நின்றாள்.

மீன் என்றால் ஏதோ கைக்கு அடக்கமான தங்கமீன் இல்லை. ஆஸ்கார் மீன்கள் இரண்டு. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்ந்தவை, ஆளைப் பார்த்தால் அடையாளம் தெரிந்துகொண்டு கண்ணாடியோரம் வந்து வாலாட்டுபவை. பெரியவர், சின்னவர் என்று அவற்றுக்குப் பெயர். அவர் கையிலிருந்து தீனியை வாங்கிக்கொள்ளும். வேறு யாராவது கையை விட்டால் பெரியவர் முறைப்பார், சின்னவர் கடிப்பார்.

"தாராளமா கொண்டு வாங்க மாமா" என்றார் மாப்பிள்ளை. "ஒண்ணே ஒண்ணுதான். சத்தம் மட்டும் வரக்கூடாது. என் வேலை உங்களுக்கே தெரியும்."

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை. வீட்டிலிருந்தே பார்த்தார். எங்கெங்கோ கார் மோதியவர்கள், வீடு எரிந்தவர்கள், கூரை ஒழுகியவர்கள் எல்லாரும் கூப்பிட்டு அழ, காதில் மாட்டிய கருவியோடு அவர்களிடம் நாள் முழுக்கத் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார். கோபமே வராத மனிதர். எதிராளிக்குக் கோபம் வரும்போது அவர் குரல் இன்னும் ஒரு படி இறங்கும்.

பழைய தொட்டியைப் பெயர்த்து எடுத்து வர முடியாது, ஓரங்களில் பசை காய்ந்து போயிருந்தது. ஆகவே புதுத் தொட்டி. கூடத்தின் ஒரு சுவரை முழுசாக அடைக்கும் தொட்டி. மாப்பிள்ளையின் அறைக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே ஒரு கதவுதான்.

தொட்டிக்கடைக்காரர் அளவெடுக்க வந்தபோது கண்ணாடிக்காரர் முதலில் சொன்னதே அதைத்தான். "எனக்குத் தண்ணி சுத்தமா இருக்கணும். ஆனா தண்ணி ஓடுற சத்தமே கேக்கக்கூடாது."

"அப்ப வெளியில வைக்கிற டப்பா ஃபில்டர் போட்டுடலாம் சார். வேலை சுலபம்."

"இந்த ரெண்டு பேரும் போடுற அழுக்குக்கு டப்பா ஃபில்டர் வாரத்துல அடைச்சுக்கும். அதுவுமில்லாம அது தரையில உக்காந்து உறுமும். கீழ சம்ப் வச்சிடுங்க."

சம்ப் என்பது தொட்டிக்குக் கீழே அலமாரிக்குள் மறைத்து வைக்கிற இன்னொரு தொட்டி. மேல் தொட்டியின் நீர் விளிம்பைத் தாண்டி வழிந்து, குழாய் வழியாகக் கீழே இறங்கி, பஞ்சு, ஸ்பாஞ்ச், ஓட்டைக் கற்கள் எல்லாவற்றையும் கடந்து சுத்தமாகும். கடைசி அறையிலிருக்கும் பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும். அதில் தகராறே இல்லை. தகராறு எல்லாம் கீழே இறங்குகிற குழாயில்தான்.

ஒரே குழாய் போதும் என்றார் கடைக்காரர். ஒரே குழாய் என்றால் நீரோடு காற்றும் சேர்ந்து இறங்கும், குளியல் தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டது போல நாள் பூரா 'களக் களக்'கென்று குடிக்கும் என்றார் கண்ணாடிக்காரர். சரி, காற்றே புகாமல் குழாய் முழுக்க நீர் நிறைந்து இறங்குகிற மாதிரி வால்வு வைத்துவிடலாம், மூச்சு விடாது என்றார் கடைக்காரர். அதில் ஒரு இலையோ மீனின் செதிலோ போய் மாட்டிக்கொண்டால் பம்ப் ஏற்றுகிற நீர் முழுவதும் தரைக்குத்தானே வரும் என்றார் கண்ணாடிக்காரர். கடைக்காரர் தலையைச் சொறிந்தார். கடைசியில் மூன்று குழாய் என்று முடிவானது. ஒன்று சத்தமில்லாமல் முழு நீரையும் இறக்க, இன்னொன்று மிச்சம் மீதியைக் கசியவிட, மூன்றாவது சும்மா நிற்க. முதல் இரண்டும் கைவிட்டால் மட்டுமே மூன்றாவதற்கு வேலை.

"மூணு பைப்பா?" என்றாள் மகள். "ரெண்டு மீனுக்கா?"

"விட்டா மாமா மீனுக்குத் தனியா குளியலறையே கட்டிடுவார்" என்று மாப்பிள்ளை சிரித்தார். கண்ணாடிக்காரரும் சிரித்தார். அன்றைக்கு எல்லாரும் நல்லபடியாகத்தான் இருந்தார்கள்.

சங்கடம் அலமாரியில் வந்தது. கீழே அத்தனை நீளத்துக்கும் சம்ப்தான் என்று அவர் நினைத்திருந்தார். மகளோ அதில் பாதி தனக்கு வேண்டும் என்றாள். தரை துடைக்கிற இயந்திரம், செருப்புகள், பழைய பேப்பர் எல்லாவற்றுக்கும் அவளுக்கு வேறு இடம் இல்லை.

"கூடத்தையே எடுத்துக்கிட்டீங்கப்பா. அலமாரியில பாதியாவது விடுங்களேன்."

கேட்ட விதம் அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. விட்டுக்கொடுத்தார். சம்ப் சிறுத்தது. சிறுத்தால் என்ன ஆகும் என்பதும் அவருக்குத் தெரியும். கரண்ட் நின்றால் பம்ப் நிற்கும். பம்ப் நின்றால், நீரை மேலே ஏற்றிய அதே குழாய் வழியாக மேல் தொட்டி நீர் தலைகீழாகக் கீழே இறங்கும். அந்தக் குழாயின் வாயைச் சத்தம் வராமல் இருப்பதற்காகவே அவர் நீருக்குள் ஆழமாக வைக்கச் சொல்லியிருந்தார். வாய் எவ்வளவு ஆழமோ அவ்வளவு நீரும் இறங்கிவிடும். சின்ன சம்ப் அதைத் தாங்காது.

"ஒருவழி வால்வு போட்டுடலாம்" என்றார் கடைக்காரர்.

"அது அழுக்குல சிக்கி என்னிக்காவது ஏமாத்தும். குழாயில நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ ஒரு ஓட்டை போடுங்க. நீர் அந்த ஓட்டைக்கு இறங்கினதும் காத்து உள்ள போயிடும், இழுக்கிறது நின்னுடும். ஓட்டை யாரையும் ஏமாத்தாது."

அன்று மாலை மகளைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து அதையே விளக்கினார். ஒரு கண்ணாடி டம்ளரில் பழச்சாறு, அதில் வளையும் உறிஞ்சுகுழல். ஒரு முனையை வாயில் வைத்து இழுத்துவிட்டு இறக்கினார், சாறு தானாகவே கீழே வைத்த கிண்ணத்துக்கு ஒழுகியது. பிறகு குழலில் ஊசியால் ஓட்டை போட்டு அதே வேலையைச் செய்தார். சாறு ஓட்டையின் மட்டத்துக்கு இறங்கியதும் நின்றது.

"பாத்தியா? இந்த ஓட்டை இல்லேன்னா வீடு குளம்தான். புரிஞ்சுதாம்மா?"

மகள் கைபேசியிலிருந்து நிமிர்ந்தாள். "புரிஞ்சுதுப்பா. மேசையெல்லாம் ஜூஸ்."

தொட்டி ஓடத் தொடங்கியது. வால்வை அவர் மயிரிழை மயிரிழையாகத் திருகி, சத்தம் குறைந்து, இன்னும் குறைந்து, ஒரு கட்டத்தில் அறவே நின்றபோது மாப்பிள்ளையே தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "ஓடுதா மாமா?"

"ஓடுது மாப்பிள்ளை."

"நம்பவே முடியலையே!"

கண்ணாடிக்காரருக்கு அந்த வீட்டில் அதுதான் நல்ல காலம். காலையில் பஞ்சை மாற்றுவார். பெரியவருக்கும் சின்னவருக்கும் தீனி கொடுப்பார். விருந்தாளிகள் வந்தால் மாப்பிள்ளை அவர்களை அலமாரிக்கு அழைத்துப் போய்க் கதவைத் திறந்து, "எல்லாம் மாமா டிசைன்" என்பார். மாமா அடக்கமாக நிற்பது போல நடிப்பார்.

அப்புறம் ஒரு கண்ணில் புரை முற்றியது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிட்டவருக்கு அந்தக் கண்ணில் எதிரே நிற்பவர் முகமே புகை மூட்டமானது. அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியபோது மருத்துவர் சொல்லி அனுப்பினார்: குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, கண்ணில் தண்ணீர் தெறிக்கக்கூடாது. இந்த மூன்றும் இல்லாமல் மீன் வளர்ப்பு இல்லை. பஞ்சு மாற்றும் வேலையை மகள் ஏற்றுக்கொண்டாள். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான், ஆனாலும் செய்தாள். பம்பைக் கழற்றிக் கழுவ யாரும் இல்லை. அது அழுக்கேறி மெதுவாக ஓடியது. நீர்வரத்து குறைந்ததில் மேல் தொட்டியின் நீர்மட்டம் ஒரு நூலளவு இறங்கியது. அந்த நூலளவில் குழாயின் ஓட்டை வெளியே தலைகாட்டி, நீரைக் காற்றில் பீய்ச்சத் தொடங்கியது. 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய சீறல்.

கண்ணாடிக்காரரின் அறை வீட்டின் மறுகோடியில் இருந்தது. அவருக்கு அது எட்டவில்லை. மாப்பிள்ளைக்கு எட்டியது.

சில நாள் கழித்துச் சீறல் நின்றது. அதுவும் அவருக்குத் தெரியாது.

கட்டடத்தில் மின்கம்பி மாற்றும் வேலை நடந்தது ஒரு விடுமுறை நாளில். பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று லிஃப்ட்டில் ஒட்டியிருந்தார்கள். மகள் காய்கறி வாங்கப் போயிருந்தாள். மாப்பிள்ளை தன் அறையில் படுத்திருந்தார். கண்ணாடிக்காரர் கண்ணில் மூடியோடு கூடத்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். பம்ப் நின்றது. நீர் கீழே இறங்கும் ஓசை கேட்டது. வழக்கமாகக் கொஞ்ச நேரம் இறங்கி, ஒரு ஏப்பம் விட்டு நின்றுவிடும். அந்த ஏப்பத்துக்காகக் காத்திருந்தார். வரவில்லை. நீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

எழுந்து நின்றபோது பாதம் நனைந்தது.

மருத்துவர் சொன்னது எதுவும் அப்போது நினைவில்லை. முக்காலியில் ஏறி, தோள்வரை கையைத் தொட்டிக்குள் விட்டு, குழாயின் வளைவைப் பிடித்து முறுக்கி அதன் வாயை நீர்மட்டத்துக்கு மேலே திருப்பினார். நீர் நின்றது. ஆனால் அதற்குள் அலமாரியின் மறுபாதியிலிருந்து செருப்புகள் மிதந்து வெளியே வந்திருந்தன. கூடத்து மரத்தரையில் பலகைக்குப் பலகை இடுக்கில் நீர் இறங்கிக்கொண்டிருந்தது. கையை வெளியே எடுக்கும் முன் அவர் விரல் குழாயைத் தடவியது. ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பாக ஒரு மேடு. சிலிக்கான் பசை. யாரோ அழுத்தித் தேய்த்துச் சுத்தமாக அடைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளைதான் என்று அவர் மனம் ஒரே தாவாகத் தாவியது. சத்தம் ஆகாத ஆள் அந்த வீட்டில் வேறு யார்?

கீழ் வீட்டு அம்மாள் மூச்சிரைக்க மேலே ஏறி வந்தாள். அவள் வீட்டுக் கூரை விளக்கிலிருந்து நீர் கொட்டுகிறதாம். மாப்பிள்ளை தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தார், தரையைப் பார்த்தார், சத்தம் போடவில்லை. கைபேசியை எடுத்துத் தரையையும் அலமாரியையும் ஒவ்வொரு மூலையாகப் படம் பிடித்தார். கீழ் வீட்டு அம்மாளிடம் தணிந்த குரலில் பேசினார். பையோடு மகள் உள்ளே நுழைந்தபோது எல்லாரும் ஈரத்தில் நின்றிருந்தார்கள்.

"மாமா" என்றார் மாப்பிள்ளை. "இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லணும். காரணம் என்னன்னு கேப்பாங்க. எதனால ஆச்சு?"

"எதனாலயா?" என்றார் கண்ணாடிக்காரர். "குழாயில நான் போடச் சொன்ன ஓட்டையை..."

அப்போதுதான் மகளின் முகத்தைப் பார்த்தார். மூடி போடாத ஒற்றைக் கண்ணால்தான் பார்த்தார், ஆனால் தெளிவாகத் தெரிந்தது. கணவனின் முதுகுக்குப் பின்னால் நின்று அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. பிறகு பையைக் கீழே வைப்பது போலக் குனிந்துகொண்டாள்.

சிலிக்கான் பசை எந்த டப்பாவில் இருக்கிறது என்பது அவரைத் தவிர அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஓட்டையை?" என்றார் மாப்பிள்ளை.

"ஓட்டையைச் சரியான இடத்துல போடலை. என் கணக்குதான் தப்பாயிடுச்சு."

 மாப்பிள்ளை அவர் தோளில் கை வைத்தார். "பரவாயில்ல மாமா. வயசாயிடுச்சு. இதெல்லாம் நடக்கிறதுதான்."

அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது அவருக்கு. முக்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மகளிடம் தனியாகப் பேச வாய்ப்புக் கிடைத்தது மறுநாள்தான், சமையலறையில். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா. பம்பைக் கழுவினா சீறல் நின்னிருக்கும்."

"சொல்லியிருந்தா நீங்க மறுபடி டம்ளரையும் ஸ்ட்ராவையும் எடுத்துட்டு உக்காந்திருப்பீங்க. அவர் அன்னிக்கு மூணாவது தடவையா சொன்னார்ப்பா. கத்தலை. கத்தினாக்கூடப் பரவாயில்லை. 'உங்கப்பாவுக்குச் சங்கடம்னா நான் வெளியில ஆபீஸ் பாத்துக்கறேன்'னார். நான் என்ன பண்ணட்டும்?"

"ஓட்டையை அடைச்சா வீடு குளமாகும்னு அன்னிக்கே சொன்னேன்."

"மறந்துட்டேன். கேட்ட மாதிரியே ஞாபகம் இல்லை. போதுமா?"

கத்தி பலகையில் வேகமாக ஓடியது. அவர் போகாமல் நின்றார்.

"சரி, அடைச்சது அடைச்சிட்ட. நேத்து நான்தான்னு சொல்லியிருக்கலாமே. தெரியாம செஞ்சதுதானே? அவர் என்ன உன்னைக் கொன்னா போட்டுடுவார்?"

அவள் கத்தியை வைத்தாள். வெங்காயத்தால் கண் கலங்கியிருந்தது. வெங்காயத்தால்தான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"உங்க மேலன்னா அவர் ஒரு வாரத்துல மறந்துடுவார்ப்பா. என் மேலன்னா காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார், அந்தக் குரல்லயே. நான் இங்க கடைசிவரைக்கும் இருக்கணும். நீங்க..."

"நான்?"

"நீங்க இருக்கிறவரைக்கும்தானே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. "அப்படிச் சொல்லலைப்பா" என்றாள். எப்படிச் சொன்னாள் என்பதை அவளும் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

தரையைப் பெயர்க்க வேண்டியிருந்தது, ஆகவே தொட்டி போக வேண்டியிருந்தது. கடைக்காரர் ஆட்களோடு வந்தார். பெரியவரையும் சின்னவரையும் தனித்தனிப் பீப்பாயில் போட்டுத் தன் கடைக்குக் கொண்டு போனார். சின்னவர் அங்கே தீனியைத் தொடவே இல்லையாம், இரண்டாம் வாரம் செத்து மிதந்ததாம். பெரியவரை ஏதோ விடுதியின் வரவேற்பறைக்கு வாங்கிக்கொண்டு போனார்கள். "நல்ல இடம் சார், நீங்க போய்ப் பாக்கலாம்" என்றார் கடைக்காரர். கண்ணாடிக்காரர் போகவில்லை. வாலாட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது?

மாப்பிள்ளை ஒரு வாரத்தில் மறந்துவிடுவார் என்று மகள் சொன்னது அவ்வளவு சரியில்லை. கோபத்தை மறந்தார். கதையை மறக்கவில்லை. நண்பர்கள் சாப்பிட வந்திருந்த ஒரு மாலையில், புதுத் தரையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னார். ரசிக்கும்படியாகவே சொன்னார். மூன்று குழாய், செருப்புகள் மிதந்தது, கீழ் வீட்டு அம்மாள் குடையோடு நின்றது. குடை அவர் சேர்த்துக்கொண்டது.

"மாமாவோட மாஸ்டர் பிளான்ல ஒரே ஒரு ஓட்டைதான் தப்பு" என்று முடித்தார். "அதுல வீடே போச்சு!"

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணாடிக்காரர் மகளைப் பார்த்தார். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒப்புக்குச் சிரித்திருந்தால்கூட அவர் பொறுத்திருப்பார். தோழியின் தோளில் சாய்ந்து, நிஜமாகவே சிரித்துக்கொண்டிருந்தாள். யார் அடைத்தது என்பதே அவள் நினைவிலிருந்து கழன்று விழுந்துவிட்டது போலிருந்தது.

அந்த மாதமே அவர் ஒரு அறை பார்த்தார். பழைய கடைக்குப் பக்கத்துத் தெருவில், முதல் மாடி, தெருவைப் பார்த்த ஜன்னல். மகள் எதிர்ப்புச் சொன்னாள். "எல்லாரும் என்ன நினைப்பாங்க? அப்பாவைத் துரத்திட்டேன்னு சொல்ல மாட்டாங்களா?" என்றாள். போகாதீங்க என்ற ஒரு வார்த்தைக்காக அவர் காது நீட்டிக்கொண்டிருந்தார். பிறரைப் பற்றித்தான் பேசினாள்.

கிளம்புகிற அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளும் லிஃப்ட்டில் கூட வந்தாள். கதவு மூடியதும் சட்டென்று அழுதாள். அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அவர்கிட்ட சொல்லிடறேன்பா. இன்னிக்கே சொல்லிடறேன். நீங்க வேணா பாருங்க."

"சரிம்மா" என்றார். முகம் துடைக்கக் கைக்குட்டையைக் கொடுத்தார். வாடகை வண்டி ஏறிய பிறகும் அவருக்கு மனசு இளகித்தான் இருந்தது. சொன்னால் சொல்லட்டும், சொல்லாவிட்டாலும் சொல்லத் தோன்றியதே போதும் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனார்.

ஆனால் காத்திருந்தார். தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் மாப்பிள்ளையாக இருக்குமோ, 'மாமா, எனக்கு இப்பத்தான் தெரியும்' என்று தொடங்குவாரோ என்று காத்திருந்தார்.

ஒரு நாள் மாப்பிள்ளைதான்.

"மாமா, சௌக்கியமா? கண்ணு எப்படி இருக்கு? ஒண்ணுமில்லை, ஒரு சின்ன உதவி. கீழ் வீட்டுக்காரங்க விஷயம் இன்னும் முடியலை. அவங்க இன்ஷூரன்ஸ் கம்பெனியில ஒருத்தர் லைன்ல இருக்கார். தொட்டியை அமைச்சவர் வாயாலயே காரணத்தைக் கேக்கணுமாம். பதிவு பண்ணுவாங்க. அன்னிக்குச் சொன்னீங்களே, கணக்குத் தப்புன்னு, அதையே சொல்லிட்டாப் போதும்."

கண்ணாடிக்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கீழே தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா மாமா. இதோ, எதிர்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருக்கா. குடுக்கட்டுமா?"

மறுமுனையில் ஒரு கோப்பை தட்டில் வைக்கப்படும் ஓசை கேட்டது. வேறு குரல் எதுவும் கேட்கவில்லை. அவர் கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார்.

"வேண்டாம். லைனைக் குடுங்க."

ஏதோ 'டிக்'கென்றது. புதுக் குரல் ஒன்று வணக்கம் சொல்லி, இந்த உரையாடல் பதிவாகிறது என்று அறிவித்து, அவர் பெயரைக் கேட்டது. கண்ணாடிக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தன் முழுப்பெயரைச் சொன்னார். பிறகு, எதிராளி எழுதிக்கொள்ள வசதியாக, நிறுத்தி நிறுத்தி, தவறு முழுக்கத் தன்னுடையதுதான் என்றார்.